எனக்கு முன்னே போய்ப் பேசியவள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள்தான், ஆனாலும் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. போன வருஷம் முத்தையாபுரத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிக் கலயத்தில் போடுவோம். எங்கோ வடக்கே போய்ச் சுவிசேஷம் சொல்கிறவர்களுக்கு அது போகும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சே வராது, அதனால் அரிசி போட்டாயிற்று, நம் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா, "நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர், உன் அடுத்த வீட்டுக்காரி எங்கே என்று கேட்டால் அரிசிக் கலயத்தையா காட்டுவீர்கள்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வீடு பேச்சியம்மாள். உப்பளத்தில் என்னோடு வேலை பார்த்தவள், இசக்கியம்மன் பக்தை, எனக்கு உயிர். அந்த வாரமே அவளை இருதய ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. பிழைப்பது கஷ்டம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு.

கிளம்புகிற அன்றைக்கென்று பார்த்து, பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டையில் நாத்தனார் பேத்திக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் பஸ் ஏறினால், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடவுள் முன்னால் நீ தனியாக நிற்கமாட்டாய், உனக்காகப் பேச ஒருவர் இருக்கிறார். உதடுகூட அசையவில்லை.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தால், வாசலில் கார். உள்ளே பேச்சி சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏளா ஞானம், இப்பதான போன, அதுக்குள்ள வந்து நிக்க?"

"நான் இப்பதான் புதுக்கோட்டையில இருந்து வாரேன் பேச்சி."

"போளா, பொய்யி! மத்தியானத்துல இருந்து கட்டில்ல உக்காந்து கையப் பிடிச்சிக்கிட்டு அம்புட்டு பேசுன. நம்ம ஊமைச்சியா இதுன்னு இருந்திச்சி எனக்கு. 'அங்கன நீ தனியா நிக்கமாட்ட, உனக்காவப் பேச ஒரு ஆளு இருக்கு'ன்ன. அதோட என் பயம் போயிட்டு."

அவள் மருமகளும், "ஆமா பெரியம்மா, நான்தான உங்களுக்குக் காப்பி தந்தேன்" என்றாள்.

பஸ்ஸில் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்த அதே வார்த்தைகள். கார் போய்விட்டது.

பேச்சி பிழைத்து வந்தாள். வந்த மறுநாளே சுவரோரம் வந்து நின்று, "மிச்சத்தையும் சொல்லு, எங்க இசக்கி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றாள். வியர்த்து வழிய, திக்கித் திக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. இப்போது மீன் விற்க வருகிறவளைக்கூட நான் விடுவதில்லை, "பெரியம்மா, வியாபாரத்தப் பாக்க விடுங்க" என்று கெஞ்சுகிறாள்.

ஆனால் பேச்சி ஒன்று கேட்டாள், அதுதான் இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

"அன்னைக்கு எந்திரிச்சிப் போகையில, 'சாயங்காலம் அவ வருவா, பயப்படாதன்னு நான் சொன்னதா அவகிட்டச் சொல்லு'ன்னியே, அது யாரைளா சொன்ன?"