சித்தியின் காற்றுகள்

இன்று எதிர்மாடியில் காயும் வடாமின் பெருங்காய மணம், கேரளம் தனி மாநிலமாகப் பிறப்பதற்கு முந்தைய, நான் சிறுவயதில் வளர்ந்த வலியசாலைத் தெருவுக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே வாசலெல்லாம் பாய் விரித்து வடாம் காய, வானம் கறுத்தாலும் யாரும் அண்ணாந்து பார்க்காமல், திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த, காற்றை வைத்தே மழையைக் கணித்துவிடும் என் சித்தியின் குரலுக்கே காத்திருப்பார்கள்.

“வெறும் ஊதல் காத்துதான், கிடக்கட்டும்!”

“சாரல், பாயைத் திண்ணையோரமா இழுங்கோ!”

“சூறை வர்றது, எடுங்கோ!” என்றால் தெருவே ஓடும்.

பிரசவத்தில் சித்தி இறந்துபோன மறுமாதம் சூறை வந்தது. குரல் வருமென்ற பழக்கதோஷத்தில் எல்லோரும் உள்ளேயே இருந்துவிட்டார்கள். பெருமழையில் வெளியே வந்த பெண்கள், கரைந்த மாவு தெருவெங்கும் வெள்ளையாக ஓடுவதைப் பார்த்தபடி நனைந்து நின்றார்கள். ஒருத்தியும் பாயை எடுக்கவில்லை.