அம்மா பேரில் ஒரு செட்டாப் பாக்ஸ்

ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் தெரு டிவிகள் எல்லாம் ஒரே காலையில் படுத்துவிட்டன. ஒரு மாதமாகவே திரையின் அடியில் செட்டாப் பாக்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. நகைக்கடை விளம்பரத்தைப் போல அதையும் வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால் எல்லாச் சேனலிலும் சாம்பல் புள்ளி. எனக்கு அப்போது ஒன்பது வயது. தெரிந்த ஒரே வைத்தியமாக டிவியின் தலையில் நாலு தட்டுத் தட்டினேன். பழைய முறையையே நிறுத்தியாயிற்று, இனிப் பெட்டி இல்லாமல் படம் வராது என்று கேபிள்காரர் சொல்லியனுப்பினார்.

எனக்குப் போனது கார்ட்டூன். அம்மாவுக்குப் போனது செய்தி. விசைப்படகில் போன அப்பா, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இரண்டு மாதமாக இலங்கைச் சிறையில் இருந்தார். நாள் முழுக்க இறால் தலை கிள்ளிவிட்டு வந்த கையைக்கூடக் கழுவாமல், அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஓடுகிற முகங்களில் அப்பாவைத் தேடுவாள்.

பக்கத்து வீட்டுச் சித்தி முந்திக்கொண்டு பெட்டி வாங்கியிருந்தார். அங்கே போய்ப் பார்த்தோம். சித்தி நல்லவர்தான். ஆனால் மீனவர் செய்தி வந்ததும் அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அவர் முகம் வருகிற அன்றைக்கு அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க மாட்டேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பவர். கேபிள் இணைப்பு அப்பா பேரில் இருந்ததால் பெட்டி வாங்க அப்பாவின் கையெழுத்து வேண்டும். மாமா அப்பாவின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து என் கணக்கு நோட்டில் நாலு பக்கம் எழுதிப் பழகிவிட்டார். அப்பா போடுவதைவிட அது அழகாகவே இருந்தது. அம்மா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆளு உசுரோட இருக்கையில அவுக கையெழுத்த நாம போடுறது ஆகாதுண்ணே," என்றாள்.

மறுநாள் ரேஷன் கார்டையும் தன் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போனாள். ஏழெட்டுப் பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். கேபிள்காரர் மரியாதையாகத்தான் பேசினார். வீட்டுக்காரர் வந்ததும் வந்து கையெழுத்துப் போடட்டும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்காரர் எப்போது வருவார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அம்மா பெட்டியே கேட்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா குரலை உயர்த்தவில்லை. "அவுக கடல்ல கெடந்தப்ப மாசாமாசம் காசு யாருகிட்ட வாங்குனீங்க தம்பி? அப்பக் கையெழுத்துக் கேக்கலையே. எம் பேருக்கு மாத்திக் குடுங்க."

கேபிள்காரர் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்ற ஒரு அக்கா, தனக்கும் தன் பேரிலேயே வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கேபிள்காரர் பெருமூச்சு விட்டுப் புதுப் படிவக் கட்டைப் பிரித்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மா தன் பேரைக் கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.

பெட்டியை டிவியோடு இணைத்தது நான்தான். மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு. மாமா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே படம் வந்துவிட்டது. செய்தி வாசிப்பவரின் பவுடர்கூடத் தெரிந்தது.

நாலாம் நாள் மத்தியானச் செய்தியில், விடுதலையான மீனவர்கள் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தார்கள். தாடியும் மீசையுமாக ஐந்தாவது ஆள் அப்பா. பெட்டி வருவதற்கு முன்பு இதே டிவியில் எல்லாரும் ஒரே புகையாகத்தான் தெரிவார்கள். இப்போது அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. சித்திதான் முதலில் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் டீ போட்டு மாளவில்லை.

மறுநாள் அப்பா வந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் புதுப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அதன்மேல் இருந்த ரசீதை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"ஒம் பேருலயா?"

"ஆமா. எம் பேருலதான்."

அப்பா ரசீதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் தலையைக் குனியாமல் சிரித்தாள். டிவியில் படம் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிவிட்டு, அதைப் பார்க்காமல் இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்கு ஒரே எரிச்சல்.