ஆள் வருது

குன்னத்தூர் பேருந்து நிலையம். காலை ஏழரை மணி. திருப்பூரில் ஒரு சபையின் பெண்கள் கூட்டத்தில் பேசப் போகிறேன். இருவர் இருக்கையில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் பை. பிரசங்கக் குறிப்புகளை நிம்மதியாகப் படிக்க வேண்டும்.

பனியன் கம்பெனி அடையாள அட்டை போட்ட ஒரு பெண், "ஆள் இருக்காக்கா?" என்கிறாள்.

"வர்றாங்க," என்கிறேன். யாரும் வரப்போவதில்லை.

அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். குறிப்புகளை எடுக்க நான் பையைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் வேதாகமத்தைப் பார்த்துவிடுகிறாள். "ஸ்தோத்திரம்க்கா," என்று முகம் மலர்கிறாள். தூத்துக்குடிப் பக்கமாம், இங்கே டெய்லராம். கூட்டத்துக்குப் போவதை நானும் சொல்கிறேன்.

கைக்குழந்தையோடு ஒரு வடநாட்டுப் பெண் ஏறுகிறாள். நடத்துநர் என்னிடம், "ஏனுங்க, அந்தப் பையக் கொஞ்சம் எடுங்க," என்கிறார்.

நான் வாய் திறக்குமுன் டெய்லர் பெண் முந்திக்கொள்கிறாள். "ஆள் வருதுண்ணே. ஊழியம் செய்றவங்க பொய்யா சொல்லுவாங்க?"

நடத்துநர் விசில் ஊதுகிறார். பேருந்து நகர்கிறது.

"யாரும் வரலம்மா," என்று பையை மடியில் எடுத்து வைக்கிறேன். "நான் சும்மா சொன்னேன்."

அவள் என்னை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு குழந்தைக்காரியைக் கைப்பிடித்து உட்கார வைக்கிறாள். நான் எழுந்து டெய்லர் பெண்ணை என் இடத்தில் உட்காரச் சொல்கிறேன்.

"இருக்கட்டும்க்கா, நீங்க உக்காருங்க. கூட்டத்துல நின்னு பேசணும்லா."

அவள் குரலில் துளியும் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.