நெட் வயரைச் செருகிய செவ்வாய்க்கிழமை

சபை அலுவலகக் கணினியை நான் யாரையும் தொடவிட்டதில்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதும், பூனா பக்கம் கட்கியில் எங்கள் தமிழ்ச் சபையின் பதிவேட்டைக் கவனிக்கும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று தலைமுறை விவரங்களைப் பழைய பேரேட்டிலிருந்து நான்தான் தட்டெழுதி ஏற்றினேன். ஏற்றி முடித்த அடுத்த மழைக்காலத்தில் பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கணினிதான் பதிவேடு.

அதில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிழடு. மாற்றாததற்கு என் பிடிவாதமே காரணம். நான் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு பழைய காலத்தது. புதுக் கணினியில் திறந்தால் கொக்கியும் கோடுமாகத் தெரியும். அதோடு, சபையில் தமிழில் வேகமாகத் தட்டெழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். புதிதாக ஒன்று வந்தால் நானும் மற்றவர்களைப் போல எழுத்தைத் தேட வேண்டியிருக்கும் என்ற பயம். அதை வெளியில் சொல்லவில்லை, எழுத்துருவின் மேல் பழியைப் போட்டேன்.

பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடும் பெண் ஒருத்தி, ஐ.டி. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், ஒருமுறை அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள்.

"டீச்சர், இதுக்கு அப்டேட் வர்றது நின்னு பல வருசம் ஆச்சுங்க. புதுசு புதுசா ஓட்டை கண்டுபிடிப்பானுங்க, அடைக்கறதுக்கு ஆளே கிடையாது. நெட்டுல மட்டும் போட்றாதீங்க."

"நான் எதுக்கும்மா நெட்டுல போடப்போறேன்?" என்றேன். உண்மையும் அதுதான். மெயில் அனுப்ப வேண்டுமானால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஜாரில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு நடப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. எங்கள் சபையில் ஒரு பெண்ணுக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் பெயரை அறிவிப்பதை நாங்கள் ஓலை படிப்பது என்போம். வரும் ஞாயிறு முதல் ஓலை. அதற்குள் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் வந்தாக வேண்டும் என்று அங்குள்ள போதகர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு முழங்கால் வலி. கொரோனா காலத்தில் ஆராதனையை நேரலையில் காட்டுவதற்காகப் போட்ட நெட் வயர் மேசையடியில் சும்மா கிடந்தது. ஐந்து நிமிடம்தானே என்று எடுத்துச் செருகினேன்.

மெயிலைத் திறந்ததும் சபைக்கு ஒரு கூரியர் வந்திருப்பதாக ஏதோ தெரிந்தது. ஜெபப் புத்தகங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதை அழுத்தினேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோப்புகளின் படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாயின. பிறகு திரை முழுக்க ஆங்கிலம். உன் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று சாரம். நகல் எடுத்து வைத்திருந்த பென் டிரைவும் அப்போது அதிலேயே செருகியிருந்தது. அதுவும் போயிற்று.

கோயம்புத்தூர்க்காரி சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக வந்து பார்த்தாள். முதல் வேலையாக வயரைப் பிடுங்கினாள். "பணம் கட்டினாலும் தருவான்னு நம்ப முடியாதுங்க. வேற எங்கயாவது காப்பி இருக்குதுங்களா, டீச்சர்?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை கல்யாணப் பெண்ணின் அம்மா, சான்றிதழ் அனுப்பியாயிற்றா என்று கேட்க வந்தாள். மின்சாரம் ஏறி இறங்கியதில் கெட்டுவிட்டது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் பொய் வரவில்லை. என் புத்திகெட்ட வேலையால் சபைப் பதிவேடு மொத்தமும் போய்விட்டது என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் குடையை மூலையில் சாய்த்து வைத்தாள். "கேரலுக்கு பிரிண்ட் எடுப்பீயல்லா, அதுல இந்த விவரம்லாம் இருக்குமே?"

"இருக்கும். அதையெல்லாம் யார் வச்சிருக்கா?"

"எங்க வீட்டுலதான் கெடக்கு, டீச்சர். வருசா வருசம் சாப்ட்டுட்டு அங்கயே போட்டுட்டுப் போவீய. மேல வேத வசனம் அச்சடிச்ச தாளு, பழைய பேப்பர் வாங்குத கபாட்டிக்குக் குடுக்க மனசு வரல."

டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும்போது, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், கல்யாண நாள் சொல்லி ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். அதற்காக ஆண்டுதோறும் வீட்டு வரிசைப்படி ஒரு கட்டு அச்செடுப்பேன். பதிவு எண், பெற்றோர் பெயர் இருக்கும் கட்டங்கள் அதற்குத் தேவையில்லை. அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தேன். கடைசி வீடு இவளுடையது. அங்கே இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுக் கலைவோம்.

ஆட்டோ பிடித்துப் போனோம். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒன்பது வருடக் கட்டுகள். குழம்புக் கறை, சில தாள்களின் பின்பக்கம் பேரப்பிள்ளையின் மராத்தி எழுத்துப் பயிற்சி. அவள் மகளின் பெயரும் பதிவு எண்ணும் முதல் கட்டிலேயே கிடைத்தன. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்; நான் குடித்த டீயிலேயே அதுதான் நல்ல டீ. அதைப் பார்த்துச் சான்றிதழ் எழுதி ஜெராக்ஸ் கடையிலிருந்து அனுப்பினேன்; ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிப் பக்கம் ஓலை படித்தார்கள்.

இப்போது சபைக்குப் புதுக் கணினி வந்திருக்கிறது. நானும் எழுத்தைத் தேடித் தேடித்தான் தட்டுகிறேன், வெட்கம் போய்விட்டது. அப்டேட் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறேன். கேரல் கட்டில் உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் உண்டு. அதனால் பழைய ஆண்டுகளின் மரணங்கள் கிடைக்கவில்லை, அவற்றை வீடு வீடாகக் கேட்டு வாங்குகிறேன்.

புதிய கட்டிலிருந்து பின்னோக்கித் தட்டெழுதிக்கொண்டு வந்தபோது, நான்காவது கட்டில் எங்கள் வீட்டில் அந்த வரி வந்தது. என் கணவர் பெயர், அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள், எங்கள் கல்யாண நாள். அடுத்த வருடக் கட்டிலிருந்து அந்த வரியை என் கையாலேயே எடுத்திருந்தேன். அதை மெதுவாகத் தட்டெழுதி, சேமித்து, பென் டிரைவில் நகலெடுத்து, பென் டிரைவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தேன், டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொல்லி.