வலது பக்கம் மாட்டிய பெட்டி

உட்கார்ந்திருப்பவர்களிடம் பிரகதாம்பாள் வழி கேட்பதில்லை. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் இருந்தாலும் அவர்களைத் தாண்டி, தலையில் புல்லுக்கட்டோ குடமோ வைத்துக்கொண்டு நடந்து வருகிறவரைத்தான் தேடுவார். “ஒக்காந்திருக்கவன் வாய்க்கு வந்தத சொல்லுவான். சொமையோட நடக்குறவளுக்குத்தான் எம்புட்டு தூரம்னு தெரியும்” என்பது அவருடைய கட்சி. கேட்பதிலும் ஒரு முறை வைத்திருக்கிறார். “இந்த ரோடு அன்னவாசல் போகுமா?” என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்காகவாவது ‘போகும்’ என்றுதான் சொல்வார்கள். “இந்த ரோடு எங்கிட்டுப் போகுது?” என்பார். அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரிடமும் அதையே கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் வண்டி மேலே நகரும்.

வயது ஐம்பத்தெட்டு. ஆலங்குடியில் இருபத்தாறு வருடம் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மூடிப் பல நாள் ஆகியும் இன்ச் டேப் கழுத்தை விட்டு இறங்கவில்லை. “கழட்டி வச்சா கழுத்து வெறிச்சுன்னு இருக்கு தம்பி” என்பார். எதிர்வீட்டுக்காரனான எனக்குத் தெரிந்து, அந்த டேப்பால் அவர் அளக்காத பொருள் தெருவில் கிடையாது. எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஃபிரிட்ஜ் வந்தபோது, வாசற்படியை அளந்துவிட்டு “நொழையாது, கதவக் கழட்டுங்க” என்று சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கதவைக் கழற்றினோம்.

கணவர் ரெங்கராஜ் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் இருவரும் ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு மேடை, மடக்கு மேசை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி என்று அதை வீடாக்கிவிட்டார்கள். ஜன்னல் திரைகள் பிரகதாம்பாள் தைத்தவை. கல்யாண ஜாக்கெட் தைத்ததில் மிஞ்சிய துணி என்பதால் ஒரு ஜன்னல் மட்டும் ஜரிகையாக மின்னும். தெருவில் அதற்கு ‘வீட்டு வண்டி’ என்று பெயர். நாலு வருடத்தில் ஒடிசா, குஜராத் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

ரெங்கராஜ் அருமையாக ஓட்டுவார். வழிதான் தெரியாது. முப்பத்தோரு வருடம் ஏறக்குறைய ஒரே தடத்தில் ஓட்டியவர் என்பதால், எந்த ஊருக்குள் நுழைந்தாலும் கை தானாக வண்டியைப் பேருந்து நிலையத்துக்குள் திருப்பிவிடும். கர்நாடகத்தில் ஓர் ஊரில், முன்னால் போன அரசுப் பேருந்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போய், டிப்போவுக்குள் நுழைந்து, டீசல் போடும் வரிசையில் நின்றிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அங்கிருந்த ஓட்டுநர்கள் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம். இந்தக் கதையை ரெங்கராஜ் சொன்னால் டீ நாலு தடவை வரும். பிரகதாம்பாள் சொன்னால் டீயே வராது.

ஆகவே வழி முழுக்க பிரகதாம்பாள் அம்மாவின் பொறுப்பு. இடது பக்க முன்சீட்டில் உட்கார்ந்து, எண்பது பக்க நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார். ‘மஞ்சள் சர்ச் – வலது. உடைந்த தண்ணீர் டேங்க் – நேர். கறுப்பு நாய் படுத்திருக்கும் வீடு – தப்பு வழி, திரும்பு’ என்று ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதி வைத்திருக்கிறார். நாய் எழுந்து போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “வீடு எந்திரிச்சுப் போயிருமா?” என்றார்.

கைபேசி இருக்கிறதே என்று வாசகர்கள் நினைக்கலாம். கைபேசி இவர்களுடைய வண்டியை ஸ்கூட்டர் என்று நினைத்துக்கொள்கிறது. சந்து பொந்தெல்லாம் போகச் சொல்கிறது. வண்டியின் உயரம் அதற்குத் தெரியாது.

இந்த உயரம்தான் போன தை மாதம் வினையாகிவிட்டது. வெளிமாநிலத்தில் ஒரு கிராமத்து ரயில் பாலம். பிரகதாம்பாள் தூரத்திலேயே பார்த்துவிட்டு மூன்று முறை “நிறுத்துங்க” என்றிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. கூரைமேல் இருந்த தொட்டியும் கேரியரும் பிய்ந்து பின்னால் விழுந்தன. நல்லவேளையாகப் பின்னால் யாரும் வரவில்லை. ஒரு டூவீலர்க்காரன் குறுக்கே வந்ததில் கவனம் சிதறிவிட்டது என்று ரெங்கராஜ் ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். பிரகதாம்பாளும் ஆமாம் என்றார். புதுத் தொட்டி வாங்கி மாட்டினார்கள்.

கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கும் மகள் சுடர்விழி அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. “வண்டி ஒசரத்தக் கேட்டு வழி சொல்ற ஜிபிஎஸ் ஒண்ணு மாட்டணும். மாட்டி அப்பா ஒழுங்கா ஓட்டிக் காட்டணும். இல்லாட்டி வித்துரலாம்” என்று தீர்ப்பு எழுதிவிட்டார். வாங்கவும் ஆள் தயாராக இருந்தார். திருவரங்குளத்துக்காரர் ஒருவர் வேனில் டிபன் கடை போடும் ஆசையில், ஆடி முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். சுடர்விழி எனக்கும் போன் செய்தார். “அண்ணே, நீங்க கூடப் போயிப் பாத்து, உள்ளது உள்ளபடி சொல்லுங்க. அவங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது.” இப்படியாக ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வீட்டு வண்டியின் கட்டிலில் நீதிபதியாக உட்கார்ந்து புதுக்கோட்டைக்குப் போனேன்.

அங்கே ஜெரால்டு என்பவர் கார் சாமான் கடை வைத்திருக்கிறார். சீட் கவர், ஹாரன், ஸ்டிக்கர் எல்லாம் விற்பவர். முதலில் பத்து அங்குலத் திரை ஒன்றை எடுத்து வைத்தார். வழியும் காட்டும், படமும் பார்க்கலாம், ஆடித் தள்ளுபடியும் உண்டு. “ரோட்டப் பாக்குறதா, படத்தப் பாக்குறதா? உள்ள வைங்க” என்றார் பிரகதாம்பாள். இரண்டாவது, உள்ளங்கை அளவுப் பெட்டி. எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டது. “இது ஒசரம் அகலம் எதையும் கேக்கலையே. அளவெடுக்காமத் தைக்கிற ஆளு இது” என்று அதையும் தள்ளிவிட்டார்.

மூன்றாவது, லாரிக்காரர்கள் கேட்டு வாங்குவது. உயரம் என்ன, அகலம் என்ன, எடை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பிரகதாம்பாள் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. உயரம் பத்தடி என்றார் ரெங்கராஜ்.

“பத்தடி நாலு அங்குலம். டயர்ல காத்து நெறைய இருந்தா அஞ்சு” என்றார் அம்மா. “ஜெரால்டு தம்பி, மேல ரெண்டு அங்குலம் தையலுக்கு விட்டுப் போடுங்க.”

அப்புறம் சத்தம். தமிழிலேயே பேசும் என்று ஜெரால்டு அழுத்திக் காட்டினார். ‘இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்’ என்றது ஒரு பெண்குரல். இன்னும் சத்தமாக வைக்கச் சொன்னார் அம்மா. வைத்தார். இன்னும் என்றார். கடைக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டது.

“எதுக்கு இந்தக் கத்து கத்த விடுற?” என்றார் ரெங்கராஜ்.

“எனக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்குங்க. ஒங்களுக்கென்ன, நல்லாக் கேக்கும்” என்றார் பிரகதாம்பாள்.

ரெங்கராஜ் சீட் கவர் தொங்கிய பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது என் மனைவிக்கு முன்னால் எதிர்வீட்டில் இருக்கும் இந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ‘அஞ்சு ஆச்சு, எறக்குங்க’ என்று தெருவைத் தாண்டிக் குரல் வரும். அவருக்கா காது மந்தம்?

வண்டியைக் கடைக்கு முன்னால் கொண்டுவர ரெங்கராஜ் போனதும், ஜெரால்டு காதில் விழாதபடி பிரகதாம்பாள், நான் கேட்காமலே சொன்னார். “அவருக்கு எடது காது போயிருச்சு தம்பி. முப்பத்தோரு வருசம் எஞ்சினு அந்தப் பக்கந்தான கத்துச்சு. நானும் அந்தப் பக்கந்தான ஒக்காந்திருக்கேன்.”

டாக்டரிடம் காட்டவில்லையா என்றேன்.

“ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயி, வேலையிருக்குன்னு திரும்பிட்டாரு. கேக்கலைன்னு ஒத்துக்கிட்டா ஸ்டியரிங்கத் தொடாதன்னுருவாங்கன்னு பயம். அன்னைக்கி டூவீலரு ஒண்ணும் வரல. தொட்டி போனதுக்கு நான் அழுவல. கீழ எறங்கி, ஒடஞ்ச தொட்டிய ஒண்ணொண்ணாப் பொறுக்கிக்கிட்டு நின்னாரு பாருங்க. அதப் பாத்துத்தான் அழுதேன்.”

எனக்குச் சங்கடமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. உள்ளது உள்ளபடி சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்தவன் நான். “இது ஆபத்தில்லையாம்மா?” என்றேன்.

“ஆபத்துதான். அதுக்குத்தான பொட்டி வாங்க வந்திருக்கேன்” என்றார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியில் நாமே இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஜெரால்டு சொன்னதும், விலை பேசாமலே அதை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பிரகதாம்பாள் முக்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். மாவட்டத்தில் இருக்கும் தணிந்த ரயில்வே சுரங்கப்பாதைகள், ஊர் முகப்பு வளைவுகள், தாழத் தொங்கும் கரண்டுக் கம்பிகள் என்று பத்தொன்பது இடங்களைச் சொல்லச் சொல்ல ஜெரால்டு குறித்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. “எல்லாத்துக்கும் முந்நூறு மீட்டரு முன்னாலயே சொல்லச் சொல்லுங்க. கிட்டக்கப் போயிச் சொன்னா இவருக்குக் கோவம் வரும்.” அந்தப் பெண்குரல் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் ரெங்கராஜிடம் எடுபடுமா என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதை மாற்ற முடியாது என்று ஜெரால்டு கையை விரித்தார்.

மாட்டும்போதுதான் சிக்கல் வந்தது. நடுவில் மாட்டுவதுதான் வழக்கம் என்றார் ஜெரால்டு. பிரகதாம்பாள், ஓட்டுநருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டிய தூணைக் காட்டினார்.

“அங்கிட்டு மாட்டுனா ஒங்களுக்குத் தெரியாதேம்மா. காது கேக்கலைன்னு நீங்கதான சொன்னீங்க? ஒங்க பக்கமில்ல வைக்கணும்?”

ஜெரால்டு கேட்டது நியாயம். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த ரெங்கராஜ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்து விறைத்திருந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

“எம்பக்கம் வச்சாலும் எனக்குப் பாதி விழுகாது தம்பி. அவரு கேட்டு எனக்குச் சொல்லட்டும். நான்தான் நாலு வருசமாச் சொல்லிச் சொல்லித் தொண்ட வறண்டு கெடக்கேன்” என்றார். ஜெரால்டு தோளைக் குலுக்கிக்கொண்டு, வலது பக்கத் தூணில் திருகினார்.

சோதனை ஓட்டத்துக்கு அன்னவாசல் பக்கம் போனோம். பாதையைத் தேர்ந்தெடுத்தவர் பிரகதாம்பாள். வேண்டுமென்றே, ஒரு தணிந்த சுரங்கப்பாதை இருக்கும் கிராமத்துச் சாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். கிளம்பியதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. முன்சீட்டில் அவர் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு திருப்பங்களைப் பெட்டி சொன்னது, ரெங்கராஜ் திருப்பினார். அவை அவருக்குத் தெரிந்த சாலைகள்தான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கிராமத்துச் சாலையில் இறங்கியதும் வண்டி வேகம் எடுத்தது. ஒரு வளைவு தாண்டியதும், தூரத்தில் சாலைக்குக் குறுக்கே உயரமான வண்டிகளைத் தடுக்கச் சுரங்கப்பாதைக்கு முன்னால் நட்டிருக்கும் மஞ்சள் இரும்புச் சட்டம் கண்ணில் பட்டது. பிரகதாம்பாளின் கால் தரையில் பிரேக் இருப்பதுபோல அழுந்தியது. வாய் திறந்து, மூடிக்கொண்டது. நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ‘முன்னால் தாழ்வான பாலம்’ என்று பெட்டி சொன்னது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் சொன்னது. வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

ரெங்கராஜ் கியரைக் குறைத்தார். பிரேக்கை அவசரமில்லாமல் மிதித்தார். இரும்புச் சட்டத்துக்கு நூறடி முன்னால், பேருந்து நிறுத்தத்தில் ஆள் இறக்குவதுபோல, வண்டி ஓரம் கட்டி நின்றது.

ரெங்கராஜ் அந்தச் சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு முகத்தை இடப்பக்கம் திருப்பினார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை; அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிரகதாம்பாள் உள்ளங்கையைக் குவித்து வலது காதுக்குப் பின்னால் வைத்து, அவர் சொல்வதைக் கேட்க அவர் பக்கம் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.