இரண்டிலும் செவ்வரளி

இதை எழுதலாமா என்று இப்போதும் எனக்கு யோசனைதான்.

என் கணவர் அப்போது தேனியில் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தா. கண்டக்டராகச் சேர்ந்து மெல்ல மெல்ல மேசைக்கு வந்தவர். யுத்தம் முடிந்திருந்தது. ஓடுகிற வண்டிக்கெல்லாம் இன்சூரன்ஸ் வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரின் மகன் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மதராஸ் கம்பெனி ஒன்றுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர்.

"மதராஸ்காரனுக்கு எதுக்குண்ணே பணம் அனுப்பணும்? நம்ம ஊரு வண்டிக்கு நாமளே ஒரு கம்பெனி வைப்போம்" என்பார்.

கம்பெனி வைத்தால் என் கணவர் வேலையை விட வேண்டும். எனக்கோ ஒரு கைக்குழந்தை, மூன்று வயதில் ஒரு மகள். அந்த மனிதர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று தோன்றும். எந்த வளைவில் எந்த வண்டி கவிழ்ந்தது என்று காப்பி ஆறும்வரை விசாரிப்பார். நாளைக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் நேரத்தில், குமுளி வழியாக இவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் போய்விட்டால் எங்கே தேடுவது?

என் கணவர் பூக்கேட்டுப் பார்க்கலாம் என்றார். அம்மன் முன் இரண்டு பொட்டலம் வைத்து, குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளரளி வந்தால் கம்பெனி, செவ்வரளி வந்தால் பழைய வேலையே. பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு. இரண்டு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியையே வைத்து நூல் சுற்றினேன். தப்பு என்று அவிழ்த்தேன். பிறகு மறுபடியும் அப்படியே கட்டினேன்.

கோயிலில் மகள் ஒன்றை எடுத்தாள். சிவப்பு. என் கணவரின் முகம் வாடிவிட்டது.

"மத்ததையும் பிரிங்கண்ணே" என்றார் கூட வந்திருந்த போடிக்காரர்.

பூசாரி சிரித்தார். "ஏப்பா, ஆத்தாகிட்டயே சாட்சி கேக்குறீகளா?"

"இன்சூரன்ஸ்காரன் பொழப்பே அதான சாமி."

"சாமி சொன்ன பெறகு என்னத்தப் பிரிக்கிறது?" என்று என் கணவர் முடிப்பதற்குள், மகள் விளையாட்டாக அடுத்ததையும் பிரித்துவிட்டாள்.

அதுவும் சிவப்பு. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த நூலைப் பொறுக்கினேன்.

போடிக்காரர்தான் பேசினார். "விடுங்கண்ணே. மதினிக்கு எம்மேல நம்பிக்கை இல்ல, அம்புட்டுத்தான். படிச்சவுக. நம்ம கம்பெனிக்கு வர்ற விபத்துக் காயிதத்தையெல்லாம் அவுகளே வாசிக்கட்டும். பொய்யக் கட்டத் தெரிஞ்சவுகளுக்குத்தான் பொய்ய அவுக்கத் தெரியும்."

அது கேலியா, தண்டனையா, என்னை வாயடைக்கும் தந்திரமா என்று எனக்குப் புரியவில்லை. பூக்கேட்டது செல்லாது என்று அடுத்த மாதமே என் கணவர் வேலையை விட்டார். பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி அறையில் கம்பெனி தொடங்கியது.

முதல் விபத்துக் காகிதம் வந்தது. குமுளி மலைப்பாதையில் மழையில் சறுக்கிக் கார் பாறையில் மோதிவிட்டதாம். அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. குழந்தையின் துணிகளெல்லாம் அன்று பகல் முழுக்க மொட்டைமாடியில் காய்ந்தன. ஓரத்தில் 'அன்று மழை இல்லை' என்று எழுதினேன். மலையில் பெய்திருக்கலாமே என்று அடித்தேன். மீண்டும் எழுதினேன்.

அதைக் காட்டியே பணம் கொடுக்க மறுத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போடிக்காரர் மறுநாள் குமுளிக்கு பஸ் ஏறினார். இரண்டு நாள் கழித்து முழங்கால்வரை சேறு காய்ந்த வேட்டியோடு வந்து நின்றார்.

"இங்கன வெயிலு, அங்கன மழை மதினி. செக்போஸ்டுல, டீக்கடைல, எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். அன்னைக்கி நல்ல மழையாம். கார்க்காரரு சொன்னது நெசம். குடுத்துருவோம்."

அந்த வேட்டியை நானே வாங்கித் துவைத்தேன். சேறு நிஜமாகவே மலைச்சேறுதானா என்று ஒரு தடவை விரலால் தேய்த்தும் பார்த்தேன். குமுளி மலைச் செம்மண்தான்.