என் மனைவியின் குறட்டை உலகம் சுற்றிய கதை

என் மனைவியின் குறட்டையை ஏழு நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு, ஏழு நாட்டு ஆட்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. மாதம் ஒருவர் தன் வீட்டுச் சத்தம் ஒன்றைப் பதிவு செய்து ஏற்றுவார். மற்றவர்கள் அதன்மேல் தாளமோ குரலோ சேர்த்துப் பாட்டாக்கிவிடுவார்கள். வாகன ஹாரன் மட்டும் கூடாது. வண்ணார்பேட்டையில், பேருந்து போகும் சாலையில், மாடிவீட்டில் குடியிருப்பவனிடம் சொல்கிற விதியா இது? பீரோவுக்குள் தலையை விட்டு, பட்டுச்சேலைகளுக்கு நடுவே மைக்கைப் பிடித்து, வியர்க்க விறுவிறுக்கச் சீட்டியடித்தவன் நான்.

என் முறை வந்த மாதம் கைவசம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொதிச் சாப்பாடு முடிந்து அவள் கண்ணயர்ந்திருந்தாள். சாதாரணக் குறட்டை இல்லை. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு சின்ன விசில். சத்தமில்லாமல் மைக்கை நீட்டினேன். 'ஆற்றங்கரைத் தவளை' என்று பெயர் போட்டு ஏற்றினேன். யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு வயலின் சேர்த்து உருக்கியே விட்டான்.

அந்தப் பாட்டை அவளிடமே போட்டுக் காட்டியதுதான் மடத்தனம். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து பிடித்த தவளை என்று வேறு அளந்துவிட்டேன். ஏரலிலிருந்து வந்திருந்த அவள் தங்கை பக்கத்தில் இருந்தாள். சிறுவயதில் அக்காவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், மூன்றாவது மூச்சிலேயே பிடித்துவிட்டாள்.

"ஏக்கா, இது ஒன் கொறட்டல்லா!"

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; அப்போது முழுப்பரீட்சை லீவு. கத்தவில்லை. "இனிமே எங்கிட்டருந்து ஒரு சத்தம் ஒங்களுக்குக் கெடைக்காது" என்றாள். அவ்வளவுதான்.

வேறு யாராவது என்றால் பேச்சை மட்டும் நிறுத்தியிருப்பார்கள். இவள் சத்தத்தையே நிறுத்திவிட்டாள். கொலுசைக் கழற்றினாள். வளையலை மேலே ஏற்றி ரப்பர் பேண்டு போட்டாள். பாத்திரங்களைத் துணி விரித்து வைத்தாள். ராத்திரி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். குக்கர் விசிலடிக்கும் என்று சோற்றை வடித்தாள். கடுகு வெடிக்கும் என்று தாளிக்காத குழம்பைப் பத்து நாள் தின்றேன். ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. பதிவு செய்யத்தான் எதுவும் இல்லை. முதல் இரண்டு நாள் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. "சாப்பிட வாங்க" என்கிற குரல் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்வது எங்கள் பழக்கம்; பின்னால் இரைச்சலைக் கழிக்க உதவும். பத்தாம் நாள் அப்படி ஒன்று எடுத்தேன். ஹெட்போனில் கேட்டபோது நாற்பதாவது விநாடியில் அவள் குரல். அடுக்களையில் தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள்.

"பைய... பைய..."

சத்தம் வராமல் மெதுவாக வைக்கத்தான் அந்தப் 'பைய'. அதுவே சத்தமாகி மாட்டிக்கொண்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என் புத்தி எங்கே போகும், விரல் தானாக ஏற்றும் பொத்தானுக்குப் போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன்.

ஹெட்போனைக் கொண்டுபோய் அவள் காதில் வைத்தேன்.

"இத அனுப்பவா? வேண்டாம்னா இப்பமே அழிச்சிருதேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அனுமதி என்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

கண்ணை மூடிக்கொண்டு முழு நிமிடமும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"கொரலு கம்மிக் கெடக்கு. பத்து நாளாப் பேசாம இருந்தா இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். "தண்ணி குடிச்சிட்டு வாரேன், மறுபடியும் எடுங்க. தவளன்னு மட்டும் பேரு போட்டீங்க, பாத்துக்கோங்க."